ஒரு ‘ப்’ குறைகிறது

அத்தியாயம் 6

"செத்தவன் பேசறான்னே வெச்சுக்குவோம்," என்றார் பாஸ். "ஆனா சாகறதுக்கு ஏழு நிமிஷம் முன்னாடியே ஆவி பேச ஆரம்பிக்குமா?"

லிஃப்டில் எங்களோடு வந்த அக்கா, இறந்துபோன தம்பியின் செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாடி எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "சில பேர் எங்கயும் கொஞ்சம் முன்னாடியே போய் நிப்பாங்க பாஸ்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

என்னைக் கோந்து என்பார்கள். ஒட்டினால் விடாதவள் என்று அர்த்தம். பாஸ் இருபத்திரண்டு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திவிட்டுத் துப்பறிய வந்தவர். ஒற்றுப்பிழை பார்த்தவர் ஒற்றராகிவிட்டார் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். அவர் ஒரு தடவைகூட அதை ரசித்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு முன்னால், அக்காவின் தம்பி தான் வேலை பார்த்த ஆபீஸின் நாலாம் மாடிப் பின்பால்கனியிலிருந்து விழுந்து இறந்தான். பிற்பகல் மூன்று இருபத்தேழு என்று கீழே வண்டி நிறுத்தும் இடத்துக் காமிரா சொன்னது. அதற்கு முன், சரியாக மூன்று இருபதுக்கு, அவன் போனில் ஒரு செய்தி வந்திருந்தது. அவன் மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து அவனுக்கே.

‘நான் இங்க இல்லக்கா. வேற இடத்துல தேடு.’

அதைக் கடைசிக் கடிதமாக எடுத்துக்கொண்டு, தற்கொலை என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டது போலீஸ். மறுநாள் மூன்று இருபதுக்கு அதே செய்தி மறுபடி வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. முப்பத்தொரு நாளாக ஒரு நாள் தவறவில்லை. "ஏதாவது டைமர் வெச்சிருப்பான்மா, போனை அணைச்சுப் போடுங்க," என்றார்களாம். அக்கா அணைக்கவில்லை. சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொண்டாள்.

"சின்ன வயசுல கண்ணாமூச்சி ஆடினா அலமாரிக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவான் சார்," என்று முதல் நாள் எங்களிடம் சொன்னாள். "நான் கிட்ட போனதும் உள்ளேருந்தே கத்துவான். நான் இங்க இல்லக்கா, வேற இடத்துல தேடுன்னு. இது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தம்பி இறந்த அன்று மதியம் அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன். கூட வருகிறேன் என்றிருந்தவன் கடைசி நேரத்தில் போன் செய்து, ஆபீஸில் ஒரு வேலை முடிக்க வேண்டும் என்றான். இவளுக்குப் பயம். பயம் கோபமாக வெளியே வந்தது. ‘உன் ஆபீஸையே கட்டிக்கிட்டு அழு. எங்கயாவது தொலைஞ்சு போ’ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

"நான் தொலைஞ்சு போன்னு சொன்னேன். அவன் போயிட்டான். என்னாலதான் போனானா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க சார்."

எங்கள் கேஸ் அதுதான். லிஃப்ட் நாலாம் மாடியில் நின்றபோது மணி இரண்டு நாற்பது.

ஆபீஸ் நல்ல வெளிச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஜன்னலோரம் இருந்த கடைசி வரிசை மட்டும், பல் விழுந்த வாய்போல் முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. அங்கே ஆளில்லாமல் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரை இருட்டு, உள்ளே விசிறி மட்டும் மெதுவாக இரைந்தது. பக்கத்தில் ஒரு கப்பில் காய்ந்துபோன டீ. நாற்காலியின் முதுகில் ஒரு துண்டு மடித்துப் போட்டபடியே இருந்தது.

அக்கா அந்தத் துண்டைத் தொட்டாள். எடுக்கவில்லை.

அந்த வரிசையை விட்டு ஓடாமல் இருந்தவள் ஒருத்திதான். தம்பியின் பக்கத்து சீட்டு. ஆபீஸில் அவளுக்குப் பெயர் அடைப்புக்குறி. இவர்கள் எழுதும் கம்ப்யூட்டர் மொழியில் அடைப்புக்குறிகள் மலிந்து கிடக்குமாம். திறந்ததை எல்லாம் மூடினோமா என்று இவள் வாய்விட்டு எண்ணுவாளாம்.

"தினம் மூணு இருபதுக்கு அது டிங்குன்னு ஒரு சத்தம் போடும் சார்," என்றாள் பாஸிடம், குரலைத் தாழ்த்தி. "முதல் வாரத்துலயே எல்லாரும் இடம் மாத்திக்கிட்டாங்க. எங்க டீம் லீடர் ஒரு நாள் அதை அணைக்கப் போனார். கையை நீட்டறார், டிங். திரையில அந்த வரி. அவர் அப்புறம் இந்தப் பக்கமே வரல."

"நீங்க மட்டும் ஏன் போகல?"

"அன்னிக்கு நான் லீவு சார். இருந்திருந்தா அந்த நேரத்துக்கு அவன்கூட டீ குடிக்கப் போயிருப்பேன்."

டீம் லீடர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, அளந்து வைத்த பேச்சு. அக்காவைப் பார்த்ததும் கும்பிட்டார். இவர்கள் கம்பெனி கட்டிடங்களைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள் செய்கிறது. எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தக் கதவு பூட்டியிருக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். வருகிற வாடிக்கையாளர்களுக்கு மாதிரியாகக் காட்டுவது இந்தக் கட்டிடத்தையேதான். சுவரில் ஒரு பெரிய திரை. அது நிறையப் பச்சைப் புள்ளிகள்; புகார் வந்த இடம் சிவப்பாகுமாம்.

"ஒரு சிவப்புகூட இல்லையே," என்றேன். "எங்க வீட்டை இதுல போட்டா திரை பத்தாது."

அவர் கௌரவமாகச் சிரித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "அவர் மனசுல என்ன இருந்ததோம்மா. மதியம் போன் பேசிட்டு வந்தப்பவே கண்ணு கலங்கியிருந்தது. நானே பார்த்தேன்."

அக்காவின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடிக்காமல் போயிற்று.

"பால்கனிக் கைப்பிடி உடைஞ்சுதானே விழுந்திருக்கார்?" என்றார் பாஸ். "அதைப் பத்தி முன்னாடி யாராவது புகார் சொன்னாங்களா?"

"இல்லவே இல்ல சார். அவர் ஏறி நின்னதுல உடைஞ்சது. புகார் இருந்தா இதுல இருக்கணுமே. நானே கேட்டுக் காட்டறேன்."

எட்ட நின்றபடியே அடைப்புக்குறியின் விசைப்பலகையை இழுத்துத் தட்டினார். விஷயம் எனக்கே புரிந்தது என்றால் யாருக்கும் புரியும். கட்டிடம் என்று ஒரு பெட்டி. அதற்குள் மாடிகள். மாடிக்குள் அறைகள். அறைக்குள் சாமான்கள். பெட்டிக்குள் பெட்டி. எதற்குள் எது என்று வெளியிலிருந்து வரிசையாகப் பெயர் சொல்லிக் கேட்டால், கடைசிப் பெட்டியில் இருப்பது வெளியே வரும்.

(எடு கட்டிடம் [நாலாம்மாடி பின்பால்கனி கைபிடி குறிப்பு])

கீழே ஒரே ஒரு சொல் விழுந்தது: வெறுமை.

"பாத்தீங்களா? மன்னிக்கணும், நாலு மணிக்கு வாடிக்கையாளர்கள் வராங்க." அவர் போய்விட்டார். போகும்போது தம்பியின் மேஜையைச் சுற்றிக்கொண்டு, அடுத்த வரிசை வழியாகப் போனார்.

பாஸ் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கோந்து, என்ன தெரியுது?"

"வெறுமை தெரியுது பாஸ்."

"அதுக்கு மேல் வரில."

நான் இரண்டு தடவை படித்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"ஒரு ‘ப்’ குறையுது," என்றார். "கைப்பிடின்னு வரணும். கைபிடின்னு அடிச்சிருக்கார்."

"பாஸ், இங்க ஓர் உயிர் போயிருக்கு. நீங்க ஒற்றுக்கு வந்துட்டீங்க."

அவர் சுவரைக் காட்டினார். கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ‘பெட்டிப் பெயர்களில் ஒற்றுப்பிழை கூடாது. ஓர் எழுத்து தவறினாலும் பதில் கிடைக்காது. இப்படிக்கு, டீம் லீடர்.’

"ஓர் எழுத்துன்னு ‘ஓர்’ போடற மனுஷன்," என்றார் பாஸ், "கைப்பிடில ஒற்றை விடுவாரா?"

அடைப்புக்குறி அவசரமாக ‘ப்’ சேர்த்துக் கேட்டுப் பார்த்தாள். அதற்கும் வெறுமைதான்.

"வெறுமைன்னா என்னம்மா அர்த்தம்?" என்றார் பாஸ். "பெட்டி இருக்கு, உள்ள ஒண்ணுமில்லையா? இல்ல, பெட்டியே இல்லையா?"

"இப்படிக் கேட்டா ரெண்டுக்கும் ஒரே பதில்தான் சார் வரும். பிரிச்சுத் தெரியணும்னா கேள்வியோட கடைசியில ஒரு வாக்கியம் சேர்ப்போம். பெட்டியே இல்லன்னா இதைச் சொல்லுன்னு. ஆளாளுக்கு ஒண்ணு வெப்பாங்க. நான் ‘போய் வேலையைப் பாரு’ன்னு வெப்பேன். அது வெளிய வரவே வராதுங்கற தைரியம்தான்..."

அவள் பாதியில் நிறுத்தினாள். நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் அந்த இருட்டுத் திரையைப் பார்த்தோம்.

அடைப்புக்குறி எழுந்து போய் அவன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஒரு விசையைத் தொட்டாள். திரை விழித்தது.

மேலிருந்து கீழ்வரை ஒரே வரி. நான் இங்க இல்லக்கா. வேற இடத்துல தேடு. நான் இங்க இல்லக்கா. வேற இடத்துல தேடு. முப்பத்தொரு தடவை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், யாருக்கு யார் தைரியம் சொன்னோம் என்று தெரியவில்லை.

அடைப்புக்குறி திரையை மேலே நகர்த்தினாள். எல்லா வரிகளுக்கும் மேலே, அவன் கையால் அடித்த வரிகள் இரண்டு இருந்தன. அவள் விரல் வைத்துப் படித்தாள்.

"முதல் வரி, காலையில பத்து பத்துக்கு. அப்ப இருந்த மொத்தக் கட்டிடத்துக்கும் ‘காலை’ன்னு ஒரு பேர் வெச்சிருக்கான். அடுத்தது மதியம். தினமும் மூணு இருபதுக்கு, நாலாம் மாடி, பின்பால்கனி, கைபிடி..." அவள் குரல் உடைந்தது. "‘ப்’ இல்ல சார். இவனும் ‘ப்’ போடல. அதுல என்ன குறிப்பு இருக்குன்னு கேட்டு என் போனுக்கு அனுப்புன்னு எழுதியிருக்கான். பெட்டியே இல்லன்னா, ‘நான் இங்க இல்லக்கா, வேற இடத்துல தேடு’."

"அம்மா," என்று பாஸ் அக்காவிடம் திரும்பினார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "அது கடிதம் இல்ல. உங்க தம்பி உங்ககிட்ட விடைபெறல. தேடின பெட்டி காணோம்னு கம்ப்யூட்டர் சொன்ன பதில். ஒரு வாக்கியம் வேணும்னு வந்தப்ப, அவன் மனசுல முதல்ல வந்து நின்னது நீங்க."

அக்கா போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"ஆனா பெட்டி இருந்திருக்கணுமே பாஸ்," என்றேன். "இல்லாத பெட்டியை எவன் தினமும் தேடச் சொல்வான்?"

"இருந்தது. யாரோ எடுத்துட்டாங்க. உள்ள இருந்ததை மட்டும் அழிச்சிருந்தா பெட்டி காலியா நின்னிருக்கும், இந்த வாக்கியம் வந்திருக்காது. பெட்டியோட தூக்கினதாலதான் இவன் முப்பத்தொரு நாளாக் கத்திக்கிட்டிருக்கான். ஏம்மா, எடுத்ததைப் பார்க்க வழியே கிடையாதா?"

அடைப்புக்குறி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த மொழியில எதையும் நிஜமா அழிக்க முடியாது சார். எடுத்துட்டேன்னு சொன்னா, அது இல்லாத புதுக் கட்டிடம் ஒண்ணு உருவாகும். பழசு அப்படியே இருக்கும். யாராவது அதைப் பேர் சொல்லிப் பிடிச்சு வெச்சிருக்கற வரைக்கும்."

"காலை," என்றார் பாஸ்.

"காலை," என்றாள் அவள். இன்றைய கட்டிடத்தை விட்டுவிட்டு, அந்தப் பழைய கட்டிடத்திடம் கைபிடிப் பெட்டியை முழுசாகக் கேட்டு அடித்தாள். "ரெண்டு திறந்தேன், ரெண்டு மூடினேன்," என்று முணுமுணுத்துவிட்டுத் தட்டினாள்.

குறிப்பு: கைபிடி ஆடுது. யாரும் சாயாதீங்க.
கதவு: பூட்டு.
பதிந்த நேரம்: காலை 10.05.

நான் என் போனில் அதைப் படம் எடுத்தேன்.

"அவனுக்கே தெரிஞ்சிருக்கே," என்றாள் அக்கா. "ஆடுதுன்னு எழுதினவன் அங்க ஏன் சார் போனான்?"

பாஸ் பதில் சொல்வதற்குள் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. டீம் லீடர் நின்றிருந்தார். நாங்கள் யார் நாற்காலியைச் சுற்றி நிற்கிறோம் என்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு மேஜை தள்ளியே நின்றுவிட்டார்.

"நல்லவேளை வந்தீங்க," என்றார் பாஸ். "ஒரே ஒரு சந்தேகம். பெட்டியே இருந்ததில்லன்னு சொன்னீங்க. இல்லாத பெட்டிக்கு அந்தப் பையன் விட்ட எழுத்துப்பிழை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எந்தப் பிழை?"

"இந்தக் கட்டிடத்துல ‘ப்’ இல்லாத கைப்பிடி ஒண்ணுதான் இருந்தது. அன்னிக்குக் காலையில வந்தது, மத்தியானம் காணாமப் போச்சு. நீங்க முதல்ல சரியாத்தான் அடிச்சு எடுக்கப் பாத்திருப்பீங்க. சிவப்பு போயிருக்காது. அப்புறம் எழுத்தெண்ணிப் பாத்து, அவன் பிழையோடயே அடிச்சிருப்பீங்க. போச்சான்னு திரும்பத் திரும்பக் கேட்டுப் பாத்ததுல அது கைக்குப் பழகிப்போச்சு. இல்லவே இல்லன்னு காட்ட வந்த இடத்துல, கை உண்மையைச் சொல்லிடுச்சு."

அவர் சுவரில் இருந்த தன்னுடைய அறிவிப்பைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"ஒரு மணி நேரத்துக்குத்தான் எடுத்தேன்," என்றார். "அன்னிக்கு மூணு மணிக்கு ஆட்கள் வரதா இருந்தது. திரையில ஒரே ஒரு சிவப்பு, நடுவுல. அவங்க போனதும் திருப்பி வெச்சிருப்பேன்."

அடைப்புக்குறி எழுந்துவிட்டாள். "பின்பால்கனிக் கதவுப் பூட்டு அந்தப் பெட்டியைக் கேட்டுத்தானே சார் பூட்டிக்கும்? பெட்டி இல்லன்னா ஆபத்து இல்லன்னு திறந்துக்குமே!"

"அந்த நிமிஷம் எனக்கு அது தோணலம்மா. சத்தியமா."

பாஸ் அக்காவிடம்தான் சொன்னார். "மூணு இருபதுக்கு இந்தச் செய்தி அவன் போனுக்கு முதல் தடவையா வந்திருக்கு. பெட்டியைக் காணோமேன்னு அவனுக்கு ஆச்சரியம். எழுந்து போய்ப் பார்த்தா கதவு திறந்திருக்கு. அதுக்குள்ள சரி பண்ணிட்டாங்க போலன்னு நினைச்சு, கையை வெச்சு ஆட்டிப் பார்த்திருப்பான். அவ்வளவுதான்மா. அவன் சாகப் போகல. சரியாயிடுச்சான்னு பார்க்கப் போனான்."

அக்கா டீம் லீடரைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நானும் சேர்ந்து கத்தத் தயாராக இருந்தேன். "கண்ணு கலங்கியிருந்ததுன்னு சொன்னீங்களே," என்றாள். "நிஜமாவே கலங்கியிருந்ததா?"

அவர் தரையைப் பார்த்தார். "இல்லம்மா. சிரிச்சுக்கிட்டுதான் வந்தார். அக்கா திட்டிட்டா, சாயங்காலம் போய்ச் சமாதானம் பண்ணணும்னு சொன்னார்."

ஒரு மாதமாக அவள் சுமந்ததை இந்த மனிதர் ஒரு வார்த்தையில் இறக்கி வைத்திருக்கலாம். சட்டை கசங்காமல் இருந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜோக் எதுவும் வரவில்லை. பாஸ் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். வருகிறேன் என்று பதில் வந்தது.

மணி மூன்று பதினைந்து.

"அந்தக் கதவு இன்னும் திறந்துதான் இருக்கா?" என்றார் பாஸ்.

"திறந்துதான் இருக்கு. உடைஞ்ச இடத்துல கயிறு கட்டியிருக்காங்க," என்றாள் அடைப்புக்குறி. "பெட்டியைத் திருப்பி வெச்சாத்தான் பூட்டிக்கும்." சொல்லிவிட்டு அக்காவைத் தயங்கித் தயங்கிப் பார்த்தாள். "ஆனா வெச்சுட்டா, அக்கா, அந்தச் செய்தி இனிமே வராது. உள்ள இருக்கற குறிப்புதான் வரும்."

அக்காவின் விரல்கள் போனை இறுக்கின. முப்பத்தொரு நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்த ஒரே குரல் அது. அது ஒரு கம்ப்யூட்டர் தேடித் தோற்ற சத்தம்தான் என்று தெரிந்த பிறகும் அது அவன் குரல்தான்.

"வெச்சிடும்மா," என்றாள் கடைசியில். "இன்னொருத்தர் போய் அங்க கை வெச்சுடக் கூடாது."

அடைப்புக்குறி ‘காலை’யிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து இன்றைய கட்டிடத்துக்குள் வைத்தாள். கடைசி விசைக்கு முன் நிமிர்ந்து பார்த்தாள். "சார், அந்த ‘ப்’பைச் சேர்த்துடட்டுமா?"

இருபத்திரண்டு வருஷம் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்த மனிதர் அவர். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டினால்கூடத் திருத்தித் திருப்பிக் கொடுப்பவர்.

"வேண்டாம்," என்றார். "அப்படியே இருக்கட்டும்."

அவள் தட்டினாள். சுவர்த் திரையின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி சிவப்பானது. நடைபாதையின் கோடியில் பின்கதவு ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது. டீம் லீடர் அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

பிறகு நாங்கள் காத்திருந்தோம். பதினெட்டு. பத்தொன்பது. விசிறி இரைந்துகொண்டிருந்தது.

டிங்.

அக்காவின் கையில் போன் அதிர்ந்தது. அவள் படித்துவிட்டு எங்களுக்கும் காட்டினாள். ‘கைபிடி ஆடுது. யாரும் சாயாதீங்க.’

"பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான்," என்றாள். "ஒற்றை முழுங்கிடுவான். நான்தான் உக்காந்து போட்டுக் கொடுப்பேன்." விட்டுப்போன எழுத்து இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். திரை ஒளி மங்கி, அணைந்து, அவள் முகம் அதில் தெரிந்தது.

அவள் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். அலமாரிக் கதவில் வாய் வைத்துப் பேசுவதுபோல், மெதுவாக, "கண்டுபிடிச்சுட்டேன்டா," என்றாள். "வெளிய வா."